மெழுகுவத்தி அணைந்த பிறகுதான் தண்ணீர் ஏறியது

அந்த வீடியோ மொத்தம் 50 விநாடிதான். ஒரு எவர்சில்வர் தட்டு, அதில் விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர், பார்வைக்குத் தெரியட்டும் என்று நாலு சொட்டு நீலம். நடுவில் ஒரு மெழுகுவத்தி எரிகிறது. மேலேயிருந்து என் கை ஒரு காலி ஊறுகாய் பாட்டிலை அதன்மேல் கவிழ்க்கிறது. தீ சுருங்குகிறது, அணைகிறது, நீலத் தண்ணீர் பாட்டிலுக்குள் ஏறுகிறது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். இந்தச் சோதனையை 14 வருஷமாக வகுப்பில் செய்துகாட்டியிருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் ஒரே விளக்கம்தான்: காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், மெழுகுவத்தி அதை எரித்துத் தீர்த்துவிடுகிறது, காலியான இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. எனக்கு என் ஆசிரியர் சொன்னது அது. கேட்டதை அப்படியே சொன்னேன். பாட்டிலில் தண்ணீர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஏறியும் விடும், அதனால் சந்தேகமே வந்ததில்லை.

மழை பெய்து மைதானம் சேறாகிக் கிடந்த ஒரு நாள், பிள்ளைகளை வகுப்பிலேயே உட்காரவைத்து இந்த வீடியோவைப் போட்டேன். இரண்டாம் முறை ஓடும்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். வகுப்பில் வாயே திறக்காதவன்.

“டீச்சர், தீ எரியறப்ப தண்ணி ஏறலியே. அணைஞ்சப்புறந்தான ஏறுது?”

திரும்ப ஓட்டினோம். அவன் சொன்னது சரி. தீ எரியும்வரை நீலக்கோடு இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அணைந்ததும் சரசரவென்று ஏறியது. ஆக்சிஜன் தீரத் தீரத் தண்ணீர் ஏறுவது உண்மையென்றால், எரிகிற நேரம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக அல்லவா ஏறியிருக்க வேண்டும்?

இன்னொரு பிள்ளை, “டீச்சர், நிறுத்துங்க, நிறுத்துங்க, அங்க பாருங்க, குமிழி!” என்றாள். பாட்டிலைக் கவிழ்த்த உடனே அதன் வாய் ஓரத்திலிருந்து நாலைந்து குமிழிகள் வெளியே வருகின்றன. 14 வருஷம் அந்தக் குமிழிகள் வந்துகொண்டுதான் இருந்திருக்கும். நான் பார்த்ததே இல்லை. அந்த நேரத்தில் நான் பேசிக்கொண்டிருப்பேன், பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

குமிழிதான் விஷயம். தீயின் சூட்டில் பாட்டிலுக்குள் இருக்கும் காற்று விரிகிறது. ஒரு பகுதி, பாட்டிலை முழுதாகக் கவிழ்ப்பதற்குள்ளேயே வெளியேறிவிடுகிறது; இன்னும் கொஞ்சம் குமிழியாகப் போகிறது. தீ அணைந்ததும் மிச்சக் காற்று ஆறிச் சுருங்குகிறது. எரிந்தபோது உண்டான நீராவியும் பாட்டிலின் உள்பக்கம் பனித்துத் தண்ணீராகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளியிலிருக்கும் காற்று தட்டிலுள்ள தண்ணீரை அழுத்தி உள்ளே ஏற்றுகிறது.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மெழுகின் ஒரு மூலக்கூறில் 25 கார்பனும் 52 ஹைட்ரஜனும் இருப்பதாக வைத்துக்கொண்டால், அது எரிய 38 ஆக்சிஜன் மூலக்கூறு வேண்டும். பதிலுக்கு 25 கார்பன் டை ஆக்சைடும் 26 நீராவியும் வருகின்றன. ஆக, ஆக்சிஜன் போன இடம் சும்மா காலியாகிவிடுவதில்லை. போதாததற்கு, மெழுகுவத்தி ஆக்சிஜன் முழுவதையும் எரிப்பதே இல்லை. 21 சதவீதம் இருந்தது சுமார் 16 ஆகும்போதே தீ அணைந்துவிடும். நூறு பங்கு காற்றில் ஐந்து பங்கு ஆக்சிஜன் செலவு, மூன்றே கால் பங்கு கார்பன் டை ஆக்சைடு வரவு. நீராவி முழுக்கத் தண்ணீராகிவிட்டது என்று கொண்டாலும் நிகரக் குறைவு இரண்டு பங்குகூட இல்லை. மீதி ஏற்றமெல்லாம் சூட்டின் வேலை. ஐந்தில் ஒரு பங்கு வந்தது தற்செயல்.

மறுநாள் தட்டில் மூன்று மெழுகுவத்தியை நிறுத்தி, அதே பாட்டிலைக் கவிழ்த்தோம். தண்ணீர் முன்னைவிட மேலே போனது. ஆக்சிஜன் அதே அளவுதானே, மெழுகுவத்தி கூடினால் தண்ணீர் ஏன் கூடணும் என்று பிள்ளைகளே கேட்டார்கள், பிள்ளைகளே பதிலும் சொன்னார்கள். இத்தனை வருஷம் நான் சொன்ன விளக்கம் தவறு என்று கரும்பலகையில் எழுதிக் கீழே தேதி போட்டேன். முந்தைய வருஷங்களில் என்னிடம் படித்துவிட்டுப் போனவர்களில் போன் நம்பர் இருந்த எல்லாருக்கும் அந்த வீடியோவை அனுப்பி, அதையே எழுதினேன்.

வீடியோ வைத்துப் பாடம் நடத்துவதில் எனக்கு நம்பிக்கை வந்தது அந்த வாரத்தில்தான். அதற்கு முன்பும் வீடியோ காட்டியிருக்கிறேன். 2018-இல் புதிய பாடநூல்கள், போனில் காட்டினால் வீடியோ திறக்கும் விரைவுக் குறியீட்டோடு (க்யூ.ஆர். கோடு) வந்தன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அடுத்த வருஷம் ஊரடங்கு. ஒரு வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார், ராத்திரி ஏழு மணிக்கு மேல்தான் பிள்ளை கைக்கு வரும். அப்போதெல்லாம் வீடியோ என்றால் எனக்கு, நான் வர முடியாத இடத்துக்கு என் குரலைக் கொண்டுபோகும் வண்டி. நான் பேசுவதைப் படம்பிடித்து அனுப்பினேன். பிள்ளைகள் பார்த்தார்கள், “புரிஞ்சுது டீச்சர்” என்று பதில் போட்டார்கள். பள்ளி திறந்து கேள்வி கேட்டபோது, பார்த்ததில் அநேகமாக ஒன்றும் தங்கியிருக்கவில்லை.

ஏன் தங்கவில்லை என்பதற்கு ஓரளவு விடை பின்னால் கிடைத்தது. யூடியூபில் அறிவியல் வீடியோக்கள் போட்டுப் புகழ்பெற்ற டெரெக் முல்லர், அதற்கு முன்னால் சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு இதைத்தான் ஆராய்ந்தார். ஆய்வேடு 2008-இல் வந்தது. இயற்பியலைத் தெளிவாக, அழகாக விளக்கும் வீடியோவைப் பார்த்த மாணவர்கள், நன்றாகப் புரிந்தது என்று சொன்னார்கள். தேர்வு வைத்தால் பழைய தவறான எண்ணங்கள் அப்படியே இருந்தன. இன்னொரு வகை வீடியோவில், மாணவர்கள் மனதில் வழக்கமாக இருக்கும் தவறான எண்ணத்தை ஒருவர் வாய்விட்டுச் சொல்கிறார், அதன்மேல் பேச்சு நடக்கிறது. அதைப் பார்த்தவர்கள் குழப்பமாக இருந்தது என்றார்கள், ஆனால் மதிப்பெண் கூடியது அவர்களுக்குத்தான். தெளிவாகச் சொன்னால், தனக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் சொல்கிறார்கள் என்று பிள்ளையின் மனது நினைத்துக்கொள்கிறது. என் ஊரடங்கு வீடியோக்கள் எல்லாம் ரொம்பத் தெளிவாக இருந்தன.

இப்போது நான் எடுக்கும் வீடியோக்களில் விளக்கமே கிடையாது. பேச்சும் கிடையாது, பாட்டும் கிடையாது. நடப்பது மட்டும் இருக்கும். எடுப்பதற்கு வேண்டியது சொற்பம். வராந்தாவில் நாலு செங்கல்லை அடுக்கி அதில் போனைச் சாய்த்து, சைக்கிள் ட்யூபில் வெட்டிய பட்டையால் கட்டிவிடுவேன். போன் அசையக் கூடாது, அது ஒன்றில் மட்டும் கறாராக இருப்பேன். பின்னால் கறுப்புச் சார்ட் பேப்பர். படத்துக்குள் ஓர் அளவுகோல் கட்டாயம். மின்விசிறியை நிறுத்திவிடுவேன். பிள்ளைகளின் கை மட்டும் தெரியலாம், முகம் தெரியக் கூடாது, ஏனென்றால் வாட்ஸ்அப்பில் போவது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நிமிஷத்துக்கு மேல் நீட்டுவதில்லை.

பந்து விழும் வீடியோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை எந்தப் பள்ளியிலும் ஒரே மத்தியானத்தில் செய்துவிடலாம். சுவரில் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தையல்காரர் டேப்பை ஒட்டினோம். பக்கத்தில் ஒரு பையன் டென்னிஸ் பந்தைப் பிடித்துக்கொண்டு விட்டான். போன் விநாடிக்கு 30 படம் எடுக்கிறது. மூன்று படம் தள்ளினால் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. அந்த வீடியோவைப் பள்ளியிலிருக்கும் கணினியில் போட்டு வி.எல்.சி. மென்பொருளில் திறந்து, விசைப்பலகையில் ஆங்கில ‘E’ எழுத்தைத் தட்டினால் ஒவ்வொரு படமாக நகரும். வி.எல்.சி. இலவசம்தான்.

முதல் தடவை வீணாகிவிட்டது. வகுப்பறைக்குள் எடுத்தோம். வெளிச்சம் போதவில்லை என்றால் போன் தானாகவே ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும், அது எனக்குத் தெரியாது. பந்து உருண்டையாகத் தெரியாமல் மஞ்சள் கோடாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கும் தப்பிவிட்டது. மறுநாள் பதினொரு மணி வெயிலில், பள்ளியின் வெளிச்சுவரில் எடுத்தோம். பந்து பளிச்சென்று வட்டமாக விழுந்தது.

ஒருத்தி விசையைத் தட்ட, ஒருவன் டேப்பைப் படிக்க, ஒருத்தி கரும்பலகையில் எழுதினாள். மூன்றாம் படத்தில் பந்து கையிலிருந்து 5 செ.மீ. கீழே. ஆறாம் படத்தில் 19. ஒன்பதில் 45. பன்னிரண்டில் 78. பதினைந்தில் 121.

“சமமா விழல டீச்சர், போகப் போக வேகமாப் போவுது.”

“எவ்வளவு வேகமா? ஒவ்வொரு தடவையும் எவ்வளவு கூடுதலா விழுதுன்னு கழிச்சுப் பாரு.”

கழித்தார்கள். 5, 14, 26, 33, 43. கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எல்லாவற்றையும் 5-ஆல் வகுங்கள் என்றேன். ஒன்று, மூன்றுக்குச் சற்றுக் குறைவு, ஐந்துக்குச் சற்று அதிகம், ஆறரை, எட்டரை. எழுதிக்கொண்டிருந்த பிள்ளை சாக்பீஸைக் கீழே வைக்காமலே திரும்பினாள். “ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழு, ஒம்போதா டீச்சர்? ஒற்றைப்படை எண்ணா?”

ஆமாம், ஒற்றைப்படை எண். சுமார் 400 வருஷத்துக்கு முன்னால் கலிலியோ கண்டது இதைத்தான். அவரிடம் நேரத்தை இவ்வளவு நுணுக்கமாக அளக்கக் கருவி இல்லை. அதனால் பந்தை நேராக விழவிடாமல் சாய்பலகையில் உருட்டி மெதுவாக்கினார். ஒரு பாத்திரத்திலிருந்து ஒழுகும் தண்ணீரை எடைபோட்டு நேரத்தைக் கணக்கிட்டார். சம நேரங்களில் கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்று போகிறது என்று கண்டார். அவருக்குச் சாய்பலகை செய்த வேலையை எங்களுக்குச் செய்தது, வீட்டில் ரீல்ஸ் பார்க்கும் அதே போன்.

ஆறரையும் எட்டரையும் ஏழும் ஒன்பதுமாக ஏன் வரவில்லை என்று பிள்ளைகள் விடவில்லை. கையை விட்ட கணம் எந்தப் படத்தில் என்று சரியாகத் தெரியாது. காற்று கொஞ்சம் தடுக்கும். போன் கொஞ்சம் கீழேயிருந்து பார்க்கிறது. மூன்றையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். கடைசி அளவை வைத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டேன். அரை விநாடியில் 121 செ.மீ. என்றால் 9.68 வருகிறது. பாடநூலில் 9.8. செங்கல், ட்யூப் பட்டை, தையல் டேப்பை வைத்து இவ்வளவு நெருங்கியதில் அன்றைக்குப் பிள்ளைகளுக்கு இருந்த சந்தோஷத்தை நான் எந்தப் பரிசளிப்பு விழாவிலும் பார்த்ததில்லை.

இதற்குப் பிறகுதான் நிலாவுக்குப் போனோம். 1971 ஆகஸ்ட் 2-ஆம் தேதி அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவின்மேல் நின்று, ஒரு கையில் சுத்தியலும் இன்னொரு கையில் வல்லூறு ஒன்றின் இறகும் பிடித்து ஒரே நேரத்தில் விட்ட காட்சி. நாசாவின் பதிவு, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம். படம் மங்கல்தான். பேசும்போது ஸ்காட் கலிலியோவின் பெயரைச் சொல்கிறார். அந்த ஒரு சொல் எங்கள் பிள்ளைகளுக்குப் பிடிபட்டது, அவரைப் போன வாரம்தானே பார்த்தோம்.

அவர் கையை விரிப்பதற்கு ஒரு கணம் முன்னால் வீடியோவை நிறுத்திவிட்டேன். எது முதலில் விழும்? சுத்தியல் என்று 23 கை. சேர்ந்து விழும் என்று 6 கை. இரண்டும் மிதக்கும், நிலாவில் ஈர்ப்பே கிடையாது என்று 9 கை. இந்த ஒன்பதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. வீடியோவை அப்படியே நிறுத்திவைத்துக் கால் மணி நேரம் வாதம் நடந்தது. “மிதக்கும்னா அவரே எப்படிடா அங்க நிக்கறாரு?” என்று ஒருத்தி கேட்டாள். ஒன்பதில் நாலு கை இறங்கியது. பிறகு ஓட்டினேன். சுத்தியலும் இறகும் சேர்ந்து விழுந்து தூசியில் பட்டன.

நிறுத்தாமல் ஓட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்துபோகும், எல்லாரும் கைதட்டியிருப்பார்கள், அந்த ஒன்பது பேரும் நிலாவில் ஈர்ப்பு இல்லை என்றே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எந்த வீடியோவையும் இப்போது நான் முதலில் தனியாகப் பார்த்து, நிறுத்த வேண்டிய விநாடியைக் குறித்துவைத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போகிறேன். சுமார் 1.6 மீட்டர் உயரத்திலிருந்து விழ நிலாவில் 1.4 விநாடி ஆகும், இங்கே 0.57 விநாடிதான். பிள்ளைகள் நிறுத்துகடிகாரத்தில் பார்த்து 1.3-லிருந்து 1.5 வரை சொன்னார்கள்.

அரவிந்த் குப்தாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சே முடியாது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்தவர். 1970-களில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தோடு சேர்ந்து கிராமப் பள்ளிகளில் வேலை செய்தார். தீக்குச்சி, சைக்கிள் வால்வு ட்யூப், பழைய செய்தித்தாள் என்று கைக்குக் கிடைப்பதில் பொம்மை செய்து அதில் அறிவியல் காட்டினார். பிறகு புனேயில் இருந்தபடி தன் குழுவோடு அந்தப் பொம்மைகளைக் குட்டிக்குட்டி வீடியோக்களாக எடுத்து, தமிழ் உள்பட பல மொழிகளில் இலவசமாகக் கொடுத்தார். 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு நிமிஷம்தான். பெரும்பாலும் இரண்டு கைகள், ஒரு பொருள். அதில் பார்ப்பதைப் பிள்ளை தன் கையால் உடனே செய்யலாம். இணையத்திலிருக்கும் ஆயிரம் பளபளப்பான அனிமேஷன்களைவிட எனக்கு அது மேல்.

உறிஞ்சுகுழலில் பீப்பி செய்யும் வீடியோவைப் போட்டேன். குழலின் ஒரு முனையைத் தட்டையாக அழுத்தி, கூம்பாக வெட்டி, வாயில் வைத்து ஊதினால் சத்தம் வரும். ஊதிக்கொண்டே மறுமுனையைக் கத்தரிக்கக் கத்தரிக்கச் சத்தம் கீச்சென்று உயரும். குழலுக்குள் இருக்கும் காற்றின் நீளம் குறைந்தால் அதிர்வு வேகமாகிறது. பாதி நீளத்துக்கு வெட்டினால் ஏறக்குறைய கீழ் ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்குப் போய்விடலாம். அரை மணியில் வகுப்பு முழுக்கப் பீப்பிச் சத்தம்.

மறுநாள் ஒரு பையன் கை நிறையப் பூவரசு இலையோடு வந்தான். இலையைச் சுருட்டி, முனையை விரலால் நசுக்கி, ஊதிக் காட்டினான். “இது எங்க தாத்தா சொல்லிக்குடுத்தது டீச்சர். இதும் அதானே?” அதேதான். அழுத்திவிட்ட இரண்டு உதடுகள் காற்றில் படபடவென்று மூடித் திறப்பதில் பிறக்கும் சத்தம். நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியும் அதேதான். ஊரில் அம்மன் கோயில் திருவிழா வந்தபோது, நாகஸ்வரம் வாசிக்க வந்தவரிடம் அனுமதி கேட்டுச் சீவாளியைக் கிட்டத்தில் வைத்து ஒரு வீடியோ எடுத்தேன். அவர் அதை எச்சிலில் நனைத்துப் பதம் பார்த்து, நாக்கால் தள்ளி, மறுபடி ஊதிப் பார்த்தார். “காஞ்சிருந்தா பேசாதும்மா” என்றார். அந்த 40 விநாடி வீடியோதான் எட்டாம் வகுப்பில் என் ஒலியியல் பாடத்தின் முதல் மணி.

எல்லா வீடியோவும் நல்லதில்லை. காந்தத்தையும் கணினி மின்விசிறியையும் வைத்து ‘இலவச மின்சாரம்’ எடுக்கும் வீடியோக்கள் பெற்றோர் குழுக்களில் மாதம் ஒன்று வந்துவிடும். பார்ப்பவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். கோபத்தில் அழித்துவிடத் தோன்றும், ஆனால் அழிப்பதில்லை. வகுப்பில் போடுகிறேன். பேட்டரியை எங்கே மறைத்திருக்கலாம் என்று தேடுகிறார்கள். எங்களிடம் ஒரு காந்தமும் ஒரு பழைய விசிறியும் உண்டு. செய்து பார்க்கிறார்கள், சுற்றுவதில்லை. அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லத் தேவைப்படுவதில்லை.

போன மாதம் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எனக்கு 9 விநாடி வீடியோ ஒன்று அனுப்பினாள். கண்ணாடி டம்ளரின் ஓரத்தில் ஈரப் பஞ்சு, பஞ்சுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மூன்று பச்சைப்பயறு. போன் வீட்டில் இருக்கும் நேரத்தில் மட்டும், அரை மணிக்கு ஒரு படமாக, காலையில் ஆறிலிருந்து எட்டு, ராத்திரி ஏழிலிருந்து பத்து என்று நாலு நாள் எடுத்து எல்லாவற்றையும் இணைத்திருக்கிறாள். பகல் முழுக்கப் படம் இல்லாததால் வெளிச்சம் திடீர் திடீரென்று தாவுகிறது. ஆனாலும் பயறு உப்புவது, தோல் விரிவது, வெள்ளை வேர் எட்டிப்பார்த்துக் கீழ்நோக்கி வளைவது எல்லாம் தெரிகிறது. மூன்றாம் நாள் அவள் டம்ளரைப் படுக்கவைத்திருக்கிறாள். நேராகப் போய்க்கொண்டிருந்த வேரின் நுனி மெல்ல மடங்கி மறுபடி தரையைப் பார்க்கிறது. வீடியோவுக்குக் கீழே ஒரு குரல்பதிவு. பின்னணியில் குக்கர் விசில், அவள் அம்மா “அந்த டம்ளரை இன்னுமா எடுக்கல நீ?” என்கிறார். இவள் தாழ்ந்த குரலில் கேட்கிறாள்: “டீச்சர், வேருக்குக் கீழ எதுன்னு எப்படித் தெரியுது? தண்ணிக்குப் போகுதுன்னு பாத்தா, பஞ்சு எல்லாப் பக்கமும் ஈரமாத்தான இருக்கு?”

1806-இல் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற ஆங்கிலேயர் இதே கேள்வியோடு விதைகளை ஒரு சக்கரத்தில் கட்டி, ஓடும் தண்ணீரால் அதை வேகமாகச் சுற்றவிட்டார். வேர்கள் மையத்தைவிட்டு வெளிப்பக்கமாகவும் தண்டுகள் மையத்தை நோக்கியும் வளர்ந்தன; சுற்றும்போது வெளியே தள்ளும் பக்கத்தையே வேர் ‘கீழே’ என்று எடுத்துக்கொண்டது. இதை நான் அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. பள்ளி அலமாரியில் ஒரு பழைய சுவர்க்கடிகாரம் கிடக்கிறது. கண்ணாடி உடைந்தது, ஆனால் ஓடுகிறது. விநாடிமுள் இருக்குமிடத்தில் ஒரு சின்ன பாட்டில் மூடியை ஒட்டி, அதில் ஈரப் பஞ்சும் ஒரு பயறும் வைத்துச் சுவரில் மாட்டினால், நிமிஷத்துக்கு ஒரு சுற்றாகக் கீழ்ப்பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒரு மூடி அசையாமல். பாரம் தாங்கி முள் சுற்றுமா என்று இன்று மாலை மூன்று பயறு எடையில் ஒரு களிமண் உருண்டையை வைத்துப் பார்த்தோம். சுற்றுகிறது. போன் வைக்கச் செங்கல் அடுக்கியாயிற்று. ஞாயிறு ராத்திரி பயறு ஊறவைப்பது அவள் பொறுப்பு.